சத்தம் போடாத வீடு

சத்யபிரியாவின் இடது காதில் முதல் அடி விழுந்தபோது அவள் கடலுக்கடியில் இருந்தாள். அப்படித்தான் அவள் சொல்லுவாள். உடம்பு என்னவோ திருச்செங்கோட்டு வீட்டு மாடி அறையில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. காதில் பெரிய ஹெட்போன். அதற்குள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையோரம் ஒரு தாய்த் திமிங்கலம் தன் கன்றோடு நீந்திக்கொண்டிருந்தது. புருஷன் தண்டாயுதபாணி இரண்டு தடவை கூப்பிட்டானாம். மூன்றாம் தடவை கூப்பிட வாய் வலித்ததோ என்னவோ, கையை ஓங்கிவிட்டான். ஹெட்போன் உடைந்து, அதன் விளிம்பு கன்னத்தைக் கீறி, உள்ளே காதுச் சவ்வு கிழிந்தது.

ரத்தம் கழுத்தில் இறங்கியபோதும் அவள் கத்தவில்லை. பக்கத்தில் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. துப்பட்டாவைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு, "சொல்லுங்க மாமா, என்ன வேணும்?" என்று மெல்லக் கேட்டாள்.

"காப்பி" என்றான் அவன்.

அடப்பாவி! ஒரு டம்ளர் காப்பிக்கு ஒரு காது.

தண்டாயுதபாணிக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக்கு வண்டிகள் இருந்தன. மாசக்கணக்கில் வடக்கே எங்காவது கேம்பு போட்டிருப்பான். கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேலே கத்தி ஆட்களை வேலை வாங்கிய தொண்டை, வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. தொண்டை இறங்காவிட்டால் போகிறது, கையாவது இறங்கியிருக்கலாம்.

சத்யபிரியா கடல் உயிரியல் படித்தவள். எருமப்பட்டியில் பிறந்தவளுக்குக் கடல் எதற்கு என்று சொந்தபந்தம் எல்லாம் சிரித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். தாய்த் திமிங்கலத்தின் முதுகில் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டிவிடுவார்கள். அது அந்தத் தாயைச் சுற்றிக் கேட்பதையெல்லாம் பதிந்துகொண்டு கழன்று மிதக்கும். அந்தப் பதிவுகளைக் கேட்டு, எது யாருடைய குரல் என்று குறித்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. "பேய்ச் சத்தம் கேக்கறதுக்குச் சம்பளமா?" என்று கேட்டுக்கொண்டே தண்டாயுதபாணி அந்தச் சம்பளத்தையும் வாங்கிக்கொள்வான்.

கூன்முதுகுத் திமிங்கலத்தில் ஆண்தான் பாடும். இணைசேரவும் குட்டி போடவும் வருகிற வெதுவெதுப்பான கடலில் நிறுத்தாமல் பாடும். பாட்டு பல மைல் தாண்டிப் போகும். அதைக் கேட்டு உருகுகிறவர்கள் உண்டு. காதல் பாட்டாம், காதல் பாட்டு! சத்யபிரியா அதற்கு அடுத்து நடப்பதையும் கேட்டவள். கன்றோடு போகிற ஒரு தாயை நாலைந்து ஆண்கள் துரத்த ஆரம்பித்தால் பாட்டு நின்றுவிடும். ஒன்றையொன்று இடிக்கும். மலை மாதிரி ஒரு உடம்பு இன்னொரு உடம்பில் மோதுகிற சத்தம், லாரிப் பட்டறையில் சேஸிஸைக் கீழே போட்டது போல ஹெட்போனில் விழும். வாலால் அறையும். மேலே ஏறி மூச்சுவிட முடியாமல் அமுக்கும். தோல் கிழிந்து ரத்தம் ஓடும். இத்தனைக்கும் நடுவில் பிறந்து சில வாரமே ஆன கன்று ஒன்று தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஓடும். அது நசுங்கினால் கேட்க நாதியில்லை.

அதனால் அங்கே தாயும் கன்றும் சத்தமாகப் பேசிக்கொள்வதே இல்லை. சின்னதாக ஒரு உறுமல், சின்னதாக ஒரு கீச்சு. கூப்பிடு தூரத்தைத் தாண்டாது. கன்றுக்குப் பசித்தால் அது கத்திக் கேட்காது, தாயின் உடம்பில் தன் உடம்பை உரசும். சத்தம் கேட்டால் ஆண்கள் வந்துவிடும். கன்றைத் தின்கிற கொலைகாரத் திமிங்கலங்களும் வந்துவிடும். இதையெல்லாம் ஒற்றைக் காதால் கேட்டுக் குறித்துக்கொண்டே சத்யபிரியா தன் வீட்டிலும் அப்படியே பழகிக்கொண்டாள்.

குழந்தைக்கு மகிழினி என்று பெயர். வீட்டில் பாப்பா. இரண்டு வயதுக்குள் பாப்பா சத்தமில்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டது. பசித்தால் அம்மாவின் முழங்காலில் நெற்றியைத் தேய்க்கும். பயந்தால் அம்மா தன் நெஞ்சோடு அதை ஒட்டவைத்து வாய் திறக்காமல் "ம்ம்ம்" என்பாள். அந்த அதிர்வு எலும்பு வழியாகப் போய்ச் சேர்ந்தால் போதும், குழந்தை அடங்கிவிடும். "எத்தன சாதுவான புள்ளைங்கறீங்க!" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினாள். சத்யபிரியாவுக்கும் உள்ளூரப் பெருமைதான். இப்போது நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் பாப்பா தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டது. தண்டாயுதபாணியின் போன் நனைந்துபோனது. அவன் குழந்தையின் ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்கி, ஈரத்துணியை உதறுவது போல உதறினான். குழந்தை அழவில்லை. கண்கள் மட்டும் அம்மாவைத் தேடின. உதடு "ம்ம்ம்" என்று குவிந்தது. சத்யபிரியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் காலையில் அவன் பெட்ரோல் போடப் போன நேரம் பார்த்து, கட்டிய துணியோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினாள். அங்கிருந்து எருமப்பட்டியில் அப்பா வேலுசாமியின் கோழிப்பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வேலுசாமி ஒன்றும் கேட்கவில்லை. மகளின் கன்னத்துத் தழும்பைப் பார்த்தார், பேத்தியின் வீங்கிய தோளைப் பார்த்தார். "சாப்பிடு சாமி" என்றார். அவர் பேசுவதே அவ்வளவுதான். மனைவி போன பிறகு அதுவும் குறைந்துபோனது.

அந்தப் பண்ணையில் யாருமே உரக்கப் பேச மாட்டார்கள். முட்டைக்கோழி வைத்திருக்கிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் கூண்டுக் கோழி மிரளும். ஒன்று மிரண்டால், தூண் மேல் உயர்த்திக் கட்டிய அந்தக் கொட்டகை, அந்தச் செட்டு, முழுக்க மிரளும். கம்பியில் கழுத்தை மாட்டிக்கொண்டு சாகும், ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும், பிழைத்ததும் வாரக்கணக்கில் முட்டையை நிறுத்திவிடும். அதனால் செட்டுக்குள் ரேடியோ நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருக்கும். உள்ளே போகிறவர் படிக்கட்டுத் தூணைத் தட்டி, "வாரேன், வாரேன்" என்று கோழிகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார். சத்யபிரியா சின்ன வயதில் செட்டுப் பக்கம் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டபோது, வேலுசாமி முதலில் அவள் வாயைத்தான் பொத்தினார். பிறகுதான் காயத்தைப் பார்த்தார். அவள் அதைத் தப்பாக நினைத்ததே இல்லை. அந்த வீட்டு வளர்ப்பு அப்படி.

இன்னொரு வழக்கமும் உண்டு. யார் பண்ணையில் கோழி கூச்சல் போட்டாலும் சுற்றுவட்டாரமே தடியோடு ஓடிவரும். நாய்க்கூட்டம் ஒரு பண்ணையில் புகுந்தால் அடுத்தது தன் பண்ணைதான் என்று எல்லோருக்கும் தெரியும். பகையாளியாக இருந்தாலும் அந்த நேரத்தில் ஓடிவருவான்.

தண்டாயுதபாணி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தான். கூடவே அவன் பெரியப்பா மகன் மருதாசலம். கார் பண்ணைக்குள் வேகமாக வந்து முட்டை அட்டை அடுக்கில் இடித்து நின்றது. அட்டைகள் சரிந்து முட்டைகள் உடைந்து வழிந்தன. அங்கே நின்று முட்டை அடுக்கிக்கொண்டிருந்த பண்ணையாள் அங்கம்மாள், "ஏனுங், கண்ணு தெரியலீங்களா?" என்றாள். மருதாசலம் அவளைத் தள்ளிய தள்ளலில் உடைந்த முட்டையிலேயே போய் விழுந்தாள்.

"புள்ளைய எடுத்துட்டுப் போக வந்தேன். அவ வேண்டாம். புள்ள அங்க இருந்தா அவளே நாய் மாதிரி பின்னால வருவா" என்று தண்டாயுதபாணி முற்றத்தில் நின்று அறிவித்தான்.

செட்டுக்குள் இருந்த சத்யபிரியாவுக்கு அது கேட்டது. வெளியே ஓடினால் பார்த்துவிடுவான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூண்டு வரிசைகளுக்கு நடுவே ஓடி, கடைசிக் கோடியில் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பாப்பாவை நெஞ்சோடு சேர்த்து "ம்ம்ம்" என்றாள். பாப்பா மூச்சைக்கூட மெல்ல விட்டது.

தூணைத் தட்டாமலே தண்டாயுதபாணி தடதடவென்று படி ஏறினான். வாசல் பக்கத்துக் கோழிகள் படபடத்தன. பின்னாலேயே வேலுசாமி ஓடிவந்தார்.

"மாப்ளைங்க, மெல்லங்க. மெல்ல நடங்க சாமி."

அவன் ரேடியோவைக் கம்பியிலிருந்து பிடுங்கித் தரையில் அடித்தான். பாட்டு நின்றது. கோழிகள் எல்லாம் ஒரேயடியாக அமைதியாகிக் கழுத்தை நீட்டின. அந்த அமைதியில் அவன் குரலைத் தேனாக்கிக்கொண்டு, "பாப்பா! அப்பா வந்திருக்கேன் பாரு. பொம்மை வாங்கிட்டு வந்திருக்கேன். எங்க இருக்கற சாமி?" என்றான்.

பாப்பா வாய் திறக்கவில்லை. அம்மாவின் கழுத்தில் நெற்றியைத் தேய்த்தது. சத்யபிரியாவுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. சத்தமில்லாமல் இருந்துவிட்டால் இந்தச் சனியன் தாண்டிப் போய்விடும் என்று நினைத்தாள். திமிங்கலத் தாய் அப்படித்தான் தப்பிக்கிறது, நாமும் தப்பித்துவிடுவோம் என்று நினைத்தாள்.

ஆனால் மருதாசலம் பின்பக்கப் படி வழியாக ஏறி வந்திருந்தான். மூட்டைக்கு வெளியே தெரிந்த அவள் பாதத்தைச் செருப்புக் காலால் மிதித்தான்.

"இங்க இருக்குது பாரு" என்றான்.

மயிரைப் பிடித்து இழுத்து நடைவழியில் போட்டார்கள். அவள் குழந்தையை வயிற்றுக்குள் வைத்துச் சுருண்டுகொண்டாள். தண்டாயுதபாணி முதுகில் உதைத்தான். விலாவில் உதைத்தான். ஒவ்வொரு உதைக்கும் உள்ளே ஏதோ மடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள், விடவில்லை. மருதாசலம் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னால் வளைத்தான். சுண்டுவிரல் முறிந்தது அவளுக்கே கேட்டது. அப்போதும் அவள் வாயிலிருந்து மூச்சுதான் வந்தது, சத்தம் வரவில்லை.

வேலுசாமி என்ன செய்தார் என்றால், கையெடுத்துக் கும்பிட்டார். குனிந்து, தாழ்ந்த குரலில், "மாப்ளைங்க, உங்களக் கும்புட்டுக் கேக்கறேன். கோழி பயந்துக்குமுங்க. வெளிய போயிப் பேசிக்கலாமுங்க" என்றார்.

மகள் காலடியில் மிதிபட்டுக் கிடக்கிறாள், இந்த மனுஷன் கோழி பயந்துகொள்ளும் என்கிறார்! கெட்ட மனுஷர் இல்லை. பெற்ற பாசம் இல்லாதவரும் இல்லை. ஆயுசு முழுக்க அந்தச் செட்டுக்குள் நின்றவருக்கு ஆபத்து என்றால் வாயில் வருவது அது ஒன்றுதான். தண்டாயுதபாணி சிரித்துவிட்டான். "கேட்டியாடா, கோழி பயந்துக்குமாம்" என்று மருதாசலத்திடம் சொல்லிக்கொண்டே பாப்பாவைப் பிடுங்கி, தீவன மூட்டை போல இடுப்பில் இடுக்கிக்கொண்டான்.

பாப்பா கத்தவில்லை. கையை நீட்டியது. உதடு "ம்ம்ம்" என்று குவிந்தது.

அதைப் பார்த்தபோதுதான் சத்யபிரியாவுக்குச் சுரீர் என்றது. இவன் குழந்தையை இப்படியே காரில் போட்டுக்கொண்டு எருமப்பட்டிக் கடைவீதி வழியாகப் போவான். டீக்கடையில் ஆள் இருக்கும், பஸ் ஸ்டாப்பில் ஆள் இருக்கும். குழந்தை அழாது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அழாதே என்று கற்றுக்கொடுத்தது யார்? அவள்தான். ஐயோ, அவளேதான். அந்தக் கடலில் தாய்க்குக் கூப்பிட ஒரு நாதி கிடையாது, அதனால் அது வாயை மூடிக்கொண்டது. இங்கே கூப்பிட்டால் வர ஒரு ஊரே இருக்கிறதே! இதை இத்தனை நாள் நினைக்காமல் போன தன் புத்தியை என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவுக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புக் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. விரல் முறியாத கையால் அதை எடுத்தாள். வரிசை நெடுக ஓடுகிற தகரத் தீவனத் தொட்டியில் ஓங்கி அடித்தாள். அடித்துக்கொண்டே வாயைப் பிளந்து கத்தினாள். வார்த்தை இல்லை. வயிற்றின் அடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது மொத்தமாக மேலே வந்தது.

செட்டு வெடித்தது.

ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் கூண்டுகளில் மோதின. சிறகும் தூசியும் எழும்பிக் கண்ணை மறைத்தன. கம்பிகள் அதிர்ந்தன, கூரைத் தகடு அதிர்ந்தது. கழுத்து மாட்டிய கோழிகள் தொங்கித் துடித்தன. சில கூண்டுக் கதவுகள் திறந்துகொள்ள, கோழிகள் தண்டாயுதபாணியின் முகத்தில் வந்து மோதி நகத்தால் கீறின. கம்ப்ரஸர் சத்தத்தில் வளர்ந்தவன் அவன். அவனுக்கே அந்த இரைச்சலில் திசை தெரியவில்லை. "நிறுத்துடி!" என்று அவன் போட்ட சத்தம் அவனுக்கே கேட்டிருக்காது.

சத்யபிரியா தவழ்ந்து போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் மற்றக் காலால் அவள் முகத்தில் உதைத்தான். மூக்கு உடைந்தது. வாயெல்லாம் ரத்தம். கத்துவதை அவள் நிறுத்தவில்லை. மருதாசலம் கம்பியைப் பிடுங்கி அவள் தோளில் அடித்தான். அப்போதும் கத்தினாள். அந்த நேரத்தில்தான் பாப்பாவும் வாயைத் திறந்தது. பிறந்த அன்றைக்கு அழுததற்குப் பிறகு அது அப்படி அழுது யாரும் கேட்டதில்லை.

முதலில் அங்கம்மாள் ஏறி வந்தாள், கையில் கோழி எச்சம் அள்ளும் மண்வெட்டியோடு. அடுத்த பண்ணை சின்னுசாமியும் அவர் ஆட்களும் வேலியைத் தாண்டி வந்தார்கள். அவருக்கும் வேலுசாமிக்கும் வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. முட்டை லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் தடியோடு வந்தார்கள். நாய் என்று வந்தவர்கள், நடைவழியில் ரத்தத்தோடு கிடந்த பெண்ணையும், குழந்தையை இடுக்கிக்கொண்டு நின்றவனையும் பார்த்தார்கள். ஒரு நொடி நின்றார்கள்.

அந்த ஒரு நொடியில் வேலுசாமி நகர்ந்தார். மருதாசலத்தின் கையிலிருந்த கம்பியைப் பறித்து மருமகனின் முழங்கையில் இறக்கினார். எலும்பு முறிகிற சத்தம் அத்தனை இரைச்சலிலும் கேட்டது. குழந்தை நழுவியது. அங்கம்மாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குழந்தையைப் பிடித்தாள். வேலுசாமி மறுபடி அடித்தார். கீழே விழுந்தவனை மறுபடியும் அடித்தார். "மாப்ளைங்க, மாப்ளைங்க" என்று மரியாதையோடு சொல்லிக்கொண்டே அடித்தார். சின்னுசாமி பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, "போதுமுங்க மச்சா, செத்துப்போயிருவான்!" என்று இழுக்காவிட்டால் அன்றைக்குக் கொலைதான் விழுந்திருக்கும். மருதாசலம் பின்படியில் இறங்கி ஓடப் பார்த்தான். லோடுமேன்கள் அவனை எச்சக் குவியலில் போட்டு மிதித்தார்கள்.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வருகிறது என்றார்கள். தண்டாயுதபாணியை முற்றத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்திருந்தார்கள். அவன் தொங்கிய கையைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டான்.

செட்டுக்குள் இரைச்சல் மெல்ல அடங்கியது. சத்யபிரியா மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பாப்பா இன்னும் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தது. சுற்றிலும் கூண்டு கூண்டாகச் செத்த கோழிகள். பாதி செட்டு போயிருக்கும். மிச்சமும் இனி எப்போது முட்டையிடுமோ தெரியாது. வேலுசாமி அவள் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டார். அவர் சட்டையெல்லாம் ரத்தமும் சிறகும்.

"கோழியெல்லாம் போச்சுங்களேப்பா" என்றாள் அவள், உடைந்த மூக்கோடு.

"போனாப் போவுது சாமி." அவள் முகத்தைத் தொடப் போய், எங்கே தொடுவது என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டார். "இத்தன அடியும் வாங்கிட்டு நீ ஏன் அம்மிணி இவ்வளவு நாளாக் கத்தல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டனா?"

சத்யபிரியா அப்பாவைப் பார்த்தாள். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் திறந்த வாய் மூடவில்லை.

"சொன்னனுங்கப்பா. காது போன அன்னிக்கே போன்ல சொன்னேன். அழுதுட்டேதான் சொன்னேன். நீங்க செட்டுக்குள்ள நின்னுட்டிருந்தீங்க. ‘மெல்லப் பேசு அம்மிணி, போன்ல சத்தம் வருது, கோழி பயந்துக்கும், பொறவு கூப்பிடறேன்’னீங்க. பொறவு நீங்க கூப்பிடலீங்க."

வேலுசாமிக்கு அது ஞாபகம் இருந்தது. முகத்தில் தெரிந்தது. முட்டை லாரி வந்து நின்ற நாள் அது. மகள் ஏதோ புருஷன் பெண்டாட்டிச் சண்டை சொல்கிறாள் என்று நினைத்தார். சாயங்காலம் கூப்பிடலாம் என்று நினைத்து, மறந்துபோனார்.

அவர் எழுந்தார். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தச் செட்டுக்குள்ளேயே, வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். பெரிய குரல் அவருக்கு. மகள்கூட அதுவரை கேட்டதில்லை. மிச்சமிருந்த கோழிகள் மறுபடி மிரண்டு கூண்டில் மோதின. அவர் அழுகையை நிறுத்தவில்லை.